நின்றால் நடுங்கும் லாரி

மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், விருதுநகரைக் கடந்து சாத்தூரை நோக்கிச் செல்லும்போது சூலக்கரை குறுக்கிடும். விருதுநகர்ச் சந்தையின் பருப்பும் மல்லியும் மிளகாய் வற்றலும், சாத்தூர் வழியாக வந்துசேரும் சிவகாசித் தீப்பெட்டியும் பட்டாசும் இந்த வழியே இரவும் பகலும் லாரிகளில் போய்க்கொண்டிருக்கின்றன. தேநீருக்காகச் சாலையோரம் ஒதுங்கும் வண்டிகளைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். சில வண்டிகள் ‘கடகட’ என்று ஒரே சீராக ஒலிக்கும். சிலவற்றிலோ பின்காட்டும் கண்ணாடி ஆடும். ஓட்டுநரின் இருக்கை அதிரும். எஞ்சின் இதோ நின்றுவிடும் என்பதுபோல் திணறி, மீண்டும் எழும். ஆனால் அதே வண்டி கியர் மாற்றி வேகம் எடுத்தவுடன் ஒழுங்காக ஓடத் தொடங்கிவிடும்.

ஓடும்போது ஒழுங்காக இருக்கும் எஞ்சின் நிற்கும்போது மட்டும் ஏன் நடுங்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், கோளாறு எங்கே இருக்கிறது என்று தேடும் வழியும் தெரிந்துவிடும். விடை தெரியாமல் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், சொந்த வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஒருவரின் ஒரு மாத வருமானம் ஒரே நாளில் கரைந்துபோகும், கோளாறும் தீராது.

ஒரு துளியில் கால் பங்கு

வண்டி நகராமல், பாரம் எதையும் இழுக்காமல், எஞ்சின் தன்னைத்தானே ஓட்டிக்கொள்வதை வெற்றோட்டம் எனலாம். பட்டறைகளில் இதனை ஐடிலிங் என்பார்கள். ஆறு சிலிண்டர்கள் கொண்ட ஒரு லாரி எஞ்சின் வெற்றோட்டத்தில் நிமிடத்திற்கு 600 சுற்றுகள் சுற்றுவதாகக் கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் ஒரு சிலிண்டரில் டீசல் எரியும். ஆகவே ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்திற்கு 300 முறை, அதாவது நொடிக்கு 5 முறை எரிகிறது. ஆறும் சேர்ந்தால் நொடிக்கு 30 முறை.

வெற்றோட்டத்தில் இந்த எஞ்சின் மணிக்கு ஒன்றரை லிட்டர் டீசல் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் ஆறு சிலிண்டர்களிலும் சேர்ந்து டீசல் தெளிக்கப்படும் முறைகள் 1,08,000. வகுத்துப் பார்த்தால், ஒரு தெளிப்புக்குக் கிடைப்பது ஏறத்தாழ 14 கன மில்லிமீட்டர். மருந்துச் சொட்டுக் குழாயிலிருந்து விழும் ஒரு துளி நீர் சுமார் 50 கன மில்லிமீட்டர். அந்தத் துளியில் ஏறக்குறைய கால் பங்குதான் நாம் பேசும் டீசலின் அளவு! அதைத்தான் ஆறு நாஸில்களும் ஒன்றுக்கொன்று வேறுபாடின்றி, நொடிக்கு ஐந்து முறை, பிழையின்றித் தெளிக்க வேண்டும்.

இப்போது ஒரு நாஸில் தேய்ந்து, 3 கன மில்லிமீட்டர் குறைவாகத் தெளிக்கிறது என்று கொள்வோம். முழுப் பாரம் இழுக்கும்போது ஒரு தெளிப்பு 70 கன மில்லிமீட்டர் என்றால், அதில் 3 குறைவது 4 விழுக்காடு மட்டுமே. எஞ்சின் அதைப் பொருட்படுத்தாது. வெற்றோட்டத்திலோ 14-இல் 3 குறைகிறது. இது 21 விழுக்காடு. ஆறு பேர் சேர்ந்து இழுக்கும் தேரில் ஒருவர் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு வலிமையைக் குறைத்துக்கொண்டால் தேர் ஒருபக்கம் வெட்டும் அன்றோ?

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு சிலிண்டர் எரிந்து முடிந்து அடுத்தது எரியும் வரை எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருப்பது ஃப்ளைவீல் எனப்படும் கனத்த சக்கரத்தில் சேர்ந்துள்ள ஆற்றலே. சுழலும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பது பள்ளிப் பாடத்தில் படித்ததே. 1800 சுற்றில் அச்சக்கரத்திலுள்ள ஆற்றல், 600 சுற்றில் உள்ளதைப்போல் ஒன்பது மடங்கு. வேகத்தில் செல்லும்போது ஒரு சிலிண்டரின் குறையை இந்தச் சேமிப்பு மூடி மறைத்துவிடுகிறது. வெற்றோட்டத்தில் சேமிப்பு குறைவு. குறை அப்படியே வெளியே தெரிகிறது. ஆகவே வெற்றோட்டத்தை எஞ்சினின் நாடி என்று சொல்லலாம். வேகத்தில் மறைந்துகிடக்கும் நோயை இங்கேதான் பிடித்துப் பார்க்க முடியும்.

முதலில் காது

கருவிகளை எடுப்பதற்கு முன் சற்று நேரம் கேட்க வேண்டும். நடுக்கம் மூன்று வகைப்படும்.

முதல் வகையில் ஒரே தாளத்தில், மாறாத இடைவெளியில், ஓர் அடி விட்டுப்போகும். ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு இது அடையாளம். இரண்டாவது வகையில் சுற்று வேகம் அலைபோல் ஏறி இறங்கும். டீசலின் அளவையோ அழுத்தத்தையோ கட்டுப்படுத்தும் உறுப்பு ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் அலைகிறது, அல்லது டீசலில் காற்று கலந்திருக்கிறது என்று இதற்குப் பொருள். மூன்றாவது வகையில் தாளமே இராது. திடீரென்று குலுங்கும், பிறகு சரியாகும். ஒயர் இணைப்பு விட்டுவிட்டுத் தொடும்போது இவ்வாறு நேர்வதுண்டு.

இம்மூன்றிலும் சேராத நான்காவது ஒன்று உண்டு. எஞ்சினின் ஒலி சீராக இருக்கும். சுற்றுமானியின் முள்ளும் அசையாது. ஆனால் வண்டிக்கூடு மட்டும் அதிரும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருக்கிறது என்பதே பெரும்பாலும் இதற்கு விடை. இதைக் கவனியாமல் நாஸில்களைக் கழற்றுவது வீண் வேலை.

புகையும் காற்றும்

டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் இல்லை. சுமார் பதினேழில் ஒரு பங்காக நெருக்கப்படும் காற்று 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. 1897-ஆம் ஆண்டில் செர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் தத்துவம் இதுவே. இன்றைய லாரியிலும் அது மாறவில்லை.

இதை நினைவில் வைத்தால் புகையின் மொழி புரியும். கண்ணையும் மூக்கையும் எரிக்கும் வெண்புகை, டீசல் எரியாமலே வெளியேறுவதைக் காட்டுகிறது. காற்று போதிய சூடு அடையவில்லை; பிஸ்டன் வளையங்களோ வால்வுகளோ தேய்ந்து நெருக்கம் குறைந்திருக்கலாம், அல்லது நாஸில் தெளிப்பதற்குப் பதில் ஒழுகலாம். கரும்புகை, டீசல் மிகுதி அல்லது காற்று குறைவு என்பதைக் காட்டும். கரிசல் காட்டுப் புழுதி படிந்த ஏர் ஃபில்டர் இங்கு வழக்கமான குற்றவாளி. நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவதன் அடையாளம்.

டீசல் குழாயில் காற்று புகுவது, மலிவாகத் தீர்க்கக்கூடிய கோளாறு. ஆனால் பலமுறை பெரிய செலவில் கொண்டுபோய் விடுவதும் அதுவே. டாங்கிலிருந்து ஃபீடு பம்பு வரையுள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்படுகிறது, தள்ளப்படுவதில்லை. அங்கே ஒரு வாஷர் தளர்ந்தால் டீசல் வெளியே ஒழுகாது. காற்றுதான் உள்ளே போகும். ஆகவே கண்ணுக்கு ஒழுக்கு தெரியாது. ஒரு முழம் தெளிவான பிளாஸ்டிக் குழாயை இடையில் பொருத்தினால், ஓடும் டீசலில் குமிழிகள் தென்படுகின்றனவா என்று பார்த்துவிடலாம். டீசலை அழுத்தினால் அதன் கனவளவு மிகச் சிறிதே குறையும். காற்றோ எளிதில் சுருங்கும். பம்பின் உழைப்பெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விட்டால், கால் துளி டீசல் நாஸிலை எப்படித் திறக்கும்?

எந்தச் சிலிண்டர்?

ஓர் எளிய உபாயம், சூட்டைப் பார்ப்பது. எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் இயக்கி, ஓரிரு நிமிடத்தில் ஒவ்வொரு சிலிண்டரின் புகைவழியிலும் ஒரு சொட்டு நீர் விடுவார்கள். மற்ற இடங்களில் நீர் ‘சுர்’ரென்று வற்ற, ஓரிடத்தில் மட்டும் தயங்கி நின்றால், அந்தச் சிலிண்டரில் எரிதல் குறைவு. தொடாமலே சூட்டைக் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி இன்று மலிவாகக் கிடைப்பதால், இதை எண்களாகவே அறியலாம்.

பழைய வரிசைப் பம்பு வண்டிகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. நாஸிலுக்குச் செல்லும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் எஞ்சின் மேலும் தடுமாறும். கெட்ட சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் மாற்றம் எதுவும் இராது. சும்மா இருந்தவன் விடுப்பு எடுத்தால் வேலை குறையுமா என்ன?

ஆனால் இந்தப் பழக்கத்தைக் காமன் ரெயில் வகை எஞ்சினில் ஒருபோதும் செய்யலாகாது. அதில் வெற்றோட்டத்திலேயே சுமார் 300 பார், அதாவது காற்று மண்டல அழுத்தத்தைப்போல் 300 மடங்கு அழுத்தம் இருக்கும். பாரத்தில் அது 1,400 பாரைத் தாண்டுவதும் உண்டு. தளர்த்திய நட்டிலிருந்து பீறிடும் இழை தோலைத் துளைத்துச் சதைக்குள் டீசலைச் செலுத்திவிடும். வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் அதிகம் இராது. எனினும் அது உடனே அறுவை மருத்துவரிடம் செல்ல வேண்டிய காயம். தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். கசிவைத் தேடும்போது கையால் தடவாமல் அட்டையைக் காட்டிப் பார்க்க வேண்டும். இந்த எஞ்சின்களில் ஒரு சிலிண்டரை மட்டும் நிறுத்திப் பார்க்கும் வேலையை ஸ்கேனர் கருவியின் மூலமே செய்துவிடலாம்.

உணரிகளின் வருகை

டீசல் பம்பைப் பெருமளவில் செய்யும் தொழில் 1927-இல் செர்மனியில் ராபர்ட் பாஷ் நிறுவனத்தால் தொடங்கியது. நம் நாட்டில் 1951-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைகோ நிறுவனத்தின் பெயர் லாரிப் பட்டறைகளில் பம்பு, நாஸில் என்பவற்றுக்கு மறுபெயராகவே விளங்கியது. அந்தப் பம்புகளில் டீசலின் அளவை முடிவு செய்தவை சுருள்வில்லும் சுழலும் எடைகளும்தாம்.

1995-இல் சப்பானின் டென்சோ நிறுவனம் ஹினோ லாரியில் காமன் ரெயில் முறையைக் கொண்டுவந்தது. எல்லா நாஸில்களுக்கும் பொதுவான ஒரு தடித்த குழாயில் டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கி வைத்து, மின்சாரத்தால் நாஸிலைத் திறந்து மூடுவது இம்முறை. நம் நாட்டில் புகைக் கட்டுப்பாடு இறுக இறுக, 2017-இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 4, 2020-இல் வந்த பாரத் நிலை 6 ஆகிய விதிகளின் வழியே, மின்னணுக் கட்டுப்பாடு லாரிகளில் பரவியது. எனினும் 2017-க்குப் பிந்திய வண்டி என்றாலே காமன் ரெயில் என்று எண்ணிவிடக் கூடாது. நிலை 4 வண்டிகளிலும் சில, பழைய வரிசைப் பம்புடனேயே வந்தன. எந்த வகை என்று பார்த்த பின்பே ஸ்பானரை எடுக்க வேண்டும்.

காமன் ரெயில் எஞ்சினில் முடிவெடுப்பது ஒரு கணினிப் பெட்டி. அதற்குக் கண்ணும் காதும் இல்லை. உணரிகள் அனுப்பும் வோல்டேஜ் ஒன்றே அதன் உலகம். சென்சார் எனப்படும் அந்த உணரிகளில் மூன்றை மட்டும் இங்குக் காண்போம்.

ஃப்ளைவீலின் அருகிலுள்ள சுற்றுணரி பல வண்டிகளில் ஒரு காந்தமும் கம்பிச் சுருளுமே. அதன் முன் பற்கள் கடக்கும்போது சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட விதி இது. காந்தப்புலம் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு மின்னழுத்தம் எழும். ஆகவே 600 சுற்றில் கிடைக்கும் செய்தி, 1800 சுற்றில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கே. உணரியின் முனையில் இரும்புத்தூள் அப்பிக்கொண்டாலோ, இடைவெளி கூடினாலோ, வேகத்தில் ஓடும்போது ஒன்றும் தெரியாது. வெற்றோட்டத்தில் செய்தி நலிந்து கணினி தடுமாறும். மறுபடியும் அதே கதை: வேகம் மறைக்கும் குறையை வெற்றோட்டம் காட்டிக்கொடுக்கிறது.

எஞ்சின் நீரின் சூட்டைக் காட்டும் வெப்ப உணரி, சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு பொருளால் ஆனது. பெரும்பாலான உணரிகளில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 100 டிகிரியில் சுமார் 190 ஓம் என்ற அளவில் தடை இருக்கும். இணைப்பில் பச்சை பூத்துத் தடை கூடினால், கொதிக்கும் எஞ்சினைக் கணினி குளிர்ந்த எஞ்சின் என்று நினைத்து அதற்கேற்ப டீசலைக் கூட்டும். ஒயரே அறுந்தால் தடை எல்லையின்றி உயரும். கணினி ஐயுற்று எச்சரிக்கை விளக்கை எரிக்கும். முழுப் பொய்யைக் கணினி எளிதில் கண்டுபிடித்துவிடும். அரைப் பொய்யில்தான் அது ஏமாறுகிறது.

0.2 வோல்ட்டின் விலை

மூன்றாவது, ரெயில் குழாயின் அழுத்த உணரி. இதற்கு 5 வோல்ட் கொடுக்கப்படுகிறது. அழுத்தம் இல்லாதபோது 0.5 வோல்ட்டும், உச்ச அழுத்தத்தில் 4.5 வோல்ட்டும் திருப்பி அனுப்புவது பெருவழக்கு. உச்சம் 1,800 பார் என்று கொண்டால், 300 பாருக்கு ஏறத்தாழ 1.17 வோல்ட் வரும்.

இணைப்பில் ஈரம் புகுந்து, செய்தி 0.2 வோல்ட் கூடிவிட்டதாகக் கொள்வோம். 4 வோல்ட் 1,800 பாரைக் குறிப்பதால், 0.2 வோல்ட் 90 பாரைக் குறிக்கும். கணினி 300 பார் வேண்டும் என்கிறது. உணரி 390 என்கிறது. உடனே கணினி அழுத்தத்தைக் குறைக்கிறது. உணரி 300 என்று சொல்லும்போது குழாயில் உண்மையில் இருப்பது 210 மட்டுமே. பத்தில் மூன்று பங்கு குறைவு! எஞ்சின் நடுங்குகிறது. சாலையில் 1,400 பாரில் ஓடும்போதோ அதே 90 பார் ஆறரை விழுக்காட்டிற்கும் குறைவான பிழை; ஓட்டுநருக்கு ஏதும் தெரியாது. இங்கே நாஸிலும் நல்லது, பம்பும் நல்லது, உணரியும்கூட நல்லதே. கெட்டது, சில ரூபாய் பெறுமான ஓர் இணைப்பு.

குறி எண் சொல்வதும் சொல்லாததும்

ஸ்கேனரில் ‘ரெயில் அழுத்தம் குறைவு’ என்று ஒரு குறி எண் வருகிறது. ‘சென்சார் போய்விட்டது’ என்று உடனே தீர்ப்புக் கூறிவிடுவது நம்மில் பலரின் வழக்கம். காய்ச்சல் என்று வெப்பமானி காட்டினால் வெப்பமானியையா மாற்றுகிறோம்? அடைபட்ட டீசல் ஃபில்டர், காற்றுப் புகுந்த குழாய், தேய்ந்த பம்பு, உள்ளேயே ஒழுகும் நாஸில் ஆகிய எதுவும் அழுத்தத்தைக் குறைக்கலாம். அழுத்தம் குறைந்தது என்ற உண்மையைத்தான் உணரி சொல்கிறது. குறி எண் விசாரணையின் தொடக்கம், தீர்ப்பு அன்று.

இன்னொரு வசதியும் ஸ்கேனரில் உண்டு. ஒவ்வொரு சிலிண்டரும் எரிந்தவுடன் கிராங்க் தண்டு எவ்வளவு முடுகுகிறது என்பதைக் கணினி பற்களை எண்ணி அறிகிறது. பின்தங்கும் சிலிண்டருக்குச் சிறிது டீசலைக் கூட்டியும், முந்தும் சிலிண்டருக்குக் குறைத்தும் வெற்றோட்டத்தைச் சமன் செய்கிறது. இந்தத் திருத்த அளவுகளை ஸ்கேனரில் காணலாம். நான்காம் சிலிண்டருக்கு மட்டும் திருத்தம் மிகுதி என்றால் நான்காம் நாஸிலை மாற்றிவிடலாமா? பொறுக்க வேண்டும். நெருக்கம் குறைந்த சிலிண்டரும் பின்தங்கும். அதற்கும் கணினி டீசலைக் கூட்டும். எனவே முதலில் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால், நான்காம் நாஸிலையும் இரண்டாம் நாஸிலையும் இடம் மாற்றி, கணினியிலும் அதற்குரிய எண்களை மாற்றிப் பதிந்து பார்க்கலாம். குறை நாஸிலோடு இடம் பெயர்ந்தால் குற்றம் நாஸிலுடையது. இருந்த இடத்திலேயே நின்றால் சிலிண்டருடையது, அல்லது அங்கு வரும் ஒயருடையது.

காலைச் சோதனை

காசு செலவில்லாத, ஆனால் மிகவும் பயனுள்ள ஒரு சோதனை உண்டு. இரவு முழுதும் நின்ற வண்டியை இயக்காமல், சாவியை மட்டும் திருப்பி, ஸ்கேனரில் எண்களைப் படிக்க வேண்டும். எஞ்சின் நீர், உள்ளிழுக்கும் காற்று, டீசல் ஆகியவற்றின் வெப்பநிலைகள் மூன்றும் அப்போது ஒன்றாக, வெளிக்காற்றின் வெப்பநிலையை ஒட்டி இருக்க வேண்டும். மூன்றில் இரண்டு 28 என்றும் ஒன்று 9 என்றும் சொன்னால், பொய் சொல்வது எது என்று கேட்கவேண்டியதில்லை. டர்போ அழுத்த உணரி வெளிக்காற்றின் அழுத்தத்தை, அதாவது ஏறத்தாழ 1 பார் என்று காட்ட வேண்டும். ரெயில் அழுத்தம் சுழியாக இருக்க வேண்டும். மேலே கண்ட 0.2 வோல்ட் பிழை இருந்தால், நின்ற எஞ்சினிலேயே 90 பார் என்று காட்டிக்கொடுத்துவிடும்!

அடுத்து பேட்டரி. 24 வோல்ட் லாரியில் எஞ்சின் ஓடும்போது 28 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுழலும்போது, எஞ்சினின் உடலுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால், அரை வோல்ட்டுக்கு மேல் வரலாகாது. வந்தால் எர்த் இணைப்பைக் கழற்றிச் சுரண்டித் துடைத்து முறுக்க வேண்டும். உணரி ஒயர்களைப் பழைய டெஸ்ட் பல்பால் சோதிப்பதும், பேட்டரியையும் கணினியின் இணைப்பையும் கழற்றாமல் வண்டிக்கூட்டில் வெல்டிங் வைப்பதும் கணினியையே கெடுத்துவிடக் கூடும்.

பட்டாசு ஏற்றும் வண்டி

இவையெல்லாம் செலவைப் பற்றிய கணக்கு. சிவகாசி வட்டாரத்தில் இதற்கும் மேலான ஒரு கணக்கு உண்டு. அரைகுறையாக எரியும் டீசல் கரியாகிச் சைலன்சரில் படிகிறது. மணிக்கணக்கில் வெற்றோட்டத்தில் நடுங்கி நின்ற வண்டி, பாரத்துடன் மேட்டில் ஏறும்போது, அந்தக் கரி சூடேறிக் கனன்று துணுக்குகளாக வெளியே பறக்கலாம். பருப்பு மூட்டைக்கு அது பெரிதன்று. பட்டாசுப் பெட்டிக்கு அப்படியன்று. அபாயமான சரக்கு ஏற்றும் வண்டிகளின் புகைபோக்கியில் தீப்பொறி தடுப்பான் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுவது இதனால்தான். தடுப்பான் கடைசிக் காவலே. முதற்காவல் ஒழுங்காக எரியும் எஞ்சின்.

ஒயரிங்கும் அவ்வாறே. நடுங்கும் எஞ்சின் தன்னோடு கட்டப்பட்ட ஒயர்களை உராய்த்துத் தேய்க்கிறது. உணரிக் கோளாறு என்று ஒயரை வெட்டி முறுக்கி, டேப் சுற்றி அனுப்பினால், அந்த இடமே நாளை பொறி பறக்கும் இடமாகலாம். இத்தகைய வண்டியில் தற்காலிகத் திருத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சரக்கு ஏற்றுவதற்கு முன்பே, பட்டாசிலிருந்து விலகிய இடத்தில் வேலையை முடித்துவிட வேண்டும்.

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் வண்டிக்காரருக்கு ஒரு நாள் என்பது பெரிய இழப்பு. அந்த அவசரத்திலும், கேட்டல், புகை பார்த்தல், காற்றுக் குமிழி தேடல், சிலிண்டரைக் கண்டறிதல், பேட்டரியும் எர்த்தும் பார்த்தல், அதன் பிறகே உணரி என்ற வரிசையை விடாதிருந்தால், பெரும்பாலான கோளாறுகள் மல்டிமீட்டரும் பிளாஸ்டிக் குழாயும் கொண்டே பிடிபட்டுவிடும். புதிய பாகம் வாங்கக் கடைக்குப் போக வேண்டியது அதற்கும் பிறகுதான்.